முத்திரை உடையாத ஹார்ட் டிஸ்க்

பள்ளிபாளையம் மாதேஸ்வரன் தம் ஐம்பத்து மூன்று வயதுவரை எந்தப் படிவத்திலும் ஒரு பொய் எழுதியவரல்ல. ஒருமுறை கணக்கெடுப்புக்கு வந்தவர்களிடம் வீட்டிலிருந்த மின்விசிறிகளைச் சரியாக எண்ணிச் சொல்லி, சமையலறையில் இருப்பது ஓடாது என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னவர். இப்படிப்பட்ட மனிதர்களை நம்பித்தான் அலுவலகங்கள் நடக்கின்றன. அந்த அலுவலகங்கள் அவர்களுக்கு என்ன செய்கின்றன என்பது வேறு விஷயம்.

அவர் தறிநூலுக்குக் கஞ்சி போடும் ஒரு சைசிங் மில்லில் ஃபிட்டர். மனைவி அறிவுச்செல்வி ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். டீச்சர் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் எதிர்ச்சாரி டீக்கடையில் இருப்பவர்களும் கூடவே முணுமுணுப்பார்கள். இருபத்து நான்கு வருடம் அப்படி உழைத்த தொண்டையில்தான் கட்டி வந்தது. கோயமுத்தூர் டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்பெட்டியை எடுத்தாக வேண்டும், இருபத்தேழாம் தேதி ஆபரேஷன், அதற்குப் பிறகு இந்தக் குரல் இருக்காது.

டீச்சரின் அக்கா மகன் கௌசிக், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன், போனில் ஒரு வழி சொன்னான்.

"சித்தி, ஆபரேஷனுக்கு முன்னாடி ஆயிரம் வாக்கியம் உன்ற குரல்ல பதிவு பண்ணு. அதை வெச்சு நான் ஒரு ஏற்பாடு பண்ணித் தாரேன். அப்புறம் நீ டைப் பண்ணுனா செல்போனு உன்ற குரல்லயே பேசும்."

ஆயிரம் வாக்கியத்தையும் அவனே எழுதி அனுப்பினான். எல்லா எழுத்தின் ஓசையும் வர வேண்டும் என்பதற்காகக் கோத்தவை, அர்த்தத்துக்காக அல்ல. 'தென்னை மரத்தில் ஏணி சாய்ந்திருக்கிறது.' 'ஞாயிறன்று இஞ்சி வாங்கிய பையன் பஞ்சு மெத்தையில் தூங்கினான்.' டீச்சர் தினமும் காலையில் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாடம் நடத்துகிற சுத்தத்தோடு வாசித்தார். பத்து வாக்கியத்துக்கு ஒன்று தம்முடையதாகச் சேர்த்துக்கொண்டார்.

"இந்த மனுசன் ஈரத் துண்டைக் கட்டில்லயேதான் போடுவாரு."

"அதை எதுக்கு பதியறே?" என்றார் மாதேஸ்வரன்.

"நாளைக்கு உங்களைத் திட்டறதுக்கு எனக்கு வார்த்தை வேண்டாமுங்களா?"

அறுநூற்று நாற்பதாவது வாக்கியத்தில் கம்ப்யூட்டருக்குள் 'டக், டக்' என்று சத்தம் கேட்டது. கௌசிக் அதைப் போனிலேயே கேட்டுவிட்டுப் பதறினான்.

"சித்தப்பா, அது ஹார்ட் டிஸ்க் சாகற சத்தம். நல்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் காப்பி போட்டு வெச்சுருங்க. நெட்டுல ஏத்துனா உங்கூர் லைனுக்கு அடுத்த தீபாவளி ஆயிரும்."

மற்றதெல்லாம் மாதேஸ்வரனுக்குப் புரிந்தது. 'நல்ல' என்ற சொல்தான் உறுத்தியது. இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு டிஸ்க் வாங்கினார். இந்த ஜில்லாவையே அதற்குள் போட்டுப் பூட்டலாம் என்று விளம்பரம் சொன்னது. ஒரே வாரத்தில் செத்தது. திறந்து பார்த்தால் ஒரு நகம் அளவு மெமரி கார்டும், கனம் தெரிவதற்காகப் பசை வைத்து ஒட்டிய இரண்டு நட்டுகளும். ஃபிட்டர் என்ற முறையில் அவர் அந்த நட்டுகளைச் சோதித்தார். நட்டு நல்ல நட்டுதான்.

அந்த வாரம் பேப்பரில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. 'ஏமாறாதீர்! வாங்குமுன் எம்மைக் கேளீர்! மின்னணுப் பொருள் நம்பகத்தன்மை வழிகாட்டு மையம், சூரமங்கலம். ஆலோசனை முற்றிலும் இலவசம்.'

"கடைக்காரன் விக்கறவன். இவங்க எதையும் விக்கறதில்லை. அப்ப உண்மையைத்தானே சொல்லுவாங்க?" என்றார் மாதேஸ்வரன்.

"போய்ப் பாருங்க. ஆனா சீக்கிரம் வாங்க," என்றார் டீச்சர்.

அன்று எட்டாம் தேதி.

மையம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டிடம். வாசலில் டோக்கன் இயந்திரம் பழுதாகி நின்றது. அதன் கழுத்தில் 'நம்பகமானது' என்ற வில்லை தொங்கியது. பக்கத்தில் பெருக்குகிற பெருமாயி விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டு, பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து ஓர் எண் எழுதிக் கொடுத்தாள்.

"மிசினு ஓடி எட்டு மாசமாச்சு சாமி. நானேதான் நெம்பர் எழுதித் தாரேன். இது செல்லாது. ஆனா கையில வெச்சிருந்தா பெஞ்சுல உக்கார உடுவாங்க."

மூன்று மணி நேரம் கழித்து அவரைக் கூப்பிட்டார்கள். துணை வழிகாட்டு அலுவலர் நவநீதகிருஷ்ணன் கோபமே வராத மனிதர். வந்தவர்களை நிற்க வைத்துப் பேசமாட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். அதற்காகவே பலரும் வெறுங்கையோடு போனாலும் திருப்தியாகப் போனார்கள்.

மாதேஸ்வரன் விஷயத்தைச் சொன்னார். அலுவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

"சேமிக்க வேண்டியது என்ன வகைங்க? அரசு ஆவணம், கல்வி, வணிகம், பொழுதுபோக்கு. நாலுல ஒண்ணு."

"என்ற சம்சாரத்தோட குரலுங்க."

"குரல்னா ஒலி. ஒலின்னா பொழுதுபோக்கு." டிக் அடித்தார். "பொழுதுபோக்குக்கு முன்னுரிமை கிடையாது. வரிசைப்படி பதினாலு மாசம் ஆகும்."

"அய்யா, இருபத்தேழாந் தேதி ஆபரேசனுங்க. அப்புறம் அவளால பேச முடியாது."

"அப்பிடீங்களா?" அலுவலர் உண்மையாகவே வருந்தினார். "அப்ப அது 'இன்றியமையாத் தேவை'ன்னு வரும். மூணு நாள்ல குழுவுக்குப் போயிரும். டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க. இப்ப இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அது உறுதிமொழிப் படிவம். 'மேற்படிப் பொருள் தற்போது ஓரிடத்தில் மட்டுமே உள்ளது என்றும், மையத்தின் வழிகாட்டுதல் கிடைக்கும்வரை அதன் பிரதி எதையும் வேறெங்கும் எடுக்கமாட்டேன் என்றும் கடவுளறிய உறுதி கூறுகிறேன்.'

"இது எதுக்குங்க?"

"பிரதி ஒண்ணு இருந்துட்டா உங்களுக்கு ஆபத்து இல்லீங்களே. ஆபத்து இல்லாதவங்களுக்கு நாங்க எப்படி வழிகாட்டறது? தணிக்கையில கேள்வி வரும்."

"ஒரு பென் டிரைவ்ல மட்டும் போட்டுக்கலாமுங்களா?"

"பென் டிரைவ் கொண்டுபோறதுக்குங்க. வெச்சுக்கறதுக்கு இல்லை. சுற்றறிக்கையே இருக்குது."

மாதேஸ்வரன் கையெழுத்துப் போட்டார். 'கடவுளறிய' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அவர் காலையில் குளித்து விபூதி பூசாமல் மில் கேட்டுக்குள் கால் வைக்காதவர். அந்தச் சொல்லை அலுவலகத்தில் தினம் நாற்பது பேர் எழுதுகிறார்கள். நாற்பது பேரில் அதை அர்த்தத்தோடு எழுதியவர் அன்று அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

பதினோராம் தேதி டாக்டர் சான்றிதழோடு போனார். நவநீதகிருஷ்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"இதுல 'குரல் இழக்க நேரிடும்'னு இருக்குதுங்க."

"ஆமாங்க."

"நேரிடும். அதாவது இன்னும் நேரலை. அம்மா இன்னைக்குப் பேசறாங்களா?"

"பேசறாளுங்க. கொஞ்சம் கரகரன்னு."

"அப்ப குரல் இருக்குது. இருக்கற குரலுக்கு எப்படி இன்றியமையாத் தேவை வரும்? ஆபரேசன் முடிஞ்சதும் 'குரல் இழந்தார்'னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. உடனே முதல் வரிசை."

"அய்யா, அப்புறம் எதைங்க சேமிக்கிறது?"

அலுவலர் கையைக் கூப்பினார். "உங்க வேதனை எனக்குப் புரியுதுங்க. நானும் குடும்பஸ்தன்தான். ஆனா படிவத்துல வேதனைக்குக் கட்டம் இல்லையே. ஒண்ணு பண்றேன். 'சிறப்பு நேர்வு'ன்னு எழுதி இயக்குநர் குழுவுக்கு வெச்சுடறேன். இருபத்து நாலாந் தேதி கூடறாங்க. நீங்க பதினஞ்சாந் தேதி வந்து நம்பக அறையைப் பாத்துட்டுப் போகணும். பாக்காதவங்களுக்குப் பரிந்துரை தரக்கூடாதுன்னு விதி."

வீட்டுக்கு வந்து சொன்னபோது டீச்சர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"என்ற வகுப்புல ஒரு பையன், ஒண்ணுக்குப் போகட்டுமான்னு கேட்டு, நான் சரிங்கறதுக்குள்ள டவுசரை நனைச்சுருவான். அவனே தேவலைங்க. கேட்டதுக்குப் பலன் இல்லைன்னாலும் வேலை முடிஞ்சிருது."

அன்று முப்பத்தெட்டு வாக்கியம் பதிந்தார். கம்ப்யூட்டர் இரண்டு முறை உறைந்து நின்று மறுபடி ஓடியது.

நம்பக அறை முதல் மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே ஏசி ஊட்டிபோல் இருந்தது. கண்ணாடி அலமாரிகளில் நாற்பத்து நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் பச்சை விளக்கு மினுங்க ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டுவார்களாம்.

"அஞ்சு வருசம் நிக்காம ஓடினாத்தானுங்க 'நம்பகமானது'ன்னு சான்று தருவோம். இதுவரைக்கும் ஒம்பது தேறியிருக்குது," என்றார் நவநீதகிருஷ்ணன். குரலில் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லும் பெருமிதம்.

"அந்த ஒம்பதுல ஒண்ணைச் சொல்லுங்க. இப்பவே வாங்கிட்டுப் போயிடறேன்."

"கிடைக்காதுங்களே. ஒரு மாடல் கடையில ரெண்டு வருசத்துக்கு மேல இருக்காது. அஞ்சு வருசம் கழிச்சு நாங்க நல்லதுன்னு சொல்றப்ப, கம்பெனிக்காரன் அதை மறந்தே போயிருப்பான்."

"அப்ப இந்த லிஸ்ட்டு யாருக்குங்க?"

"எதிர்கால ஆய்வாளர்களுக்கு."

மாதேஸ்வரன் அலமாரிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "இதுகளுக்குள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. எதையாவது வெச்சா தேஞ்சு போயிருமில்ல?"

இந்தச் சேலம் நாமக்கல் சீமையில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் போட்டோவும், பத்திரங்களின் நகலும், செத்துப்போனவர்களின் கல்யாண வீடியோவும் சாகப்போகிற கம்ப்யூட்டர்களுக்குள் கிடக்கின்றன. அவற்றுக்குக் காவல் இல்லை. ஒன்றுமில்லாமைக்குத்தான் இங்கே ஏசியும் வாட்ச்மேனும் சூடமும். மாதேஸ்வரனுக்கு அப்போது அப்படியெல்லாம் நினைக்கத் தெரியவில்லை. ஏசியில் நடுங்கிக்கொண்டு, 'இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் நம்மைக் கைவிடமாட்டார்கள்' என்று நினைத்தார்.

இருபதாம் தேதி கலைமணி வீட்டுக்கு வந்தான். பள்ளிபாளையம் பஸ் ஸ்டாப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். டீச்சரிடம் இரண்டாம் வகுப்பு படித்தவன். கம்ப்யூட்டரைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணா, இது இன்னைக்கோ நாளைக்கோ. என்ற கடையில ஒரு எக்ஸ்டர்னல் இருக்குது. ஏழு வருசமா கீழ போட்டும் ஒதைச்சும் ஓடிட்டிருக்குது. கொண்டாந்துட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க, எல்லாத்தையும் இறக்கிடறேன்."

பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தான். மூலை நசுங்கிய கறுப்பு டிஸ்க். ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

மாதேஸ்வரன் அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கறேன், கலைமணி. பிரதி எடுக்கமாட்டேன்னு. கடவுளறியன்னு."

"அது படிவத்துல எல்லாருக்கும் அடிச்சு வெச்சிருக்கறதுண்ணா!"

"எல்லாருக்கும்னாலும் போட்டது நானில்ல?"

டீச்சர் மைக்கைக் கீழே வைத்தார். அப்போது குரல் பாதியாகியிருந்தது. "ஏனுங்க, கடவுள் அறியத்தானே கையெழுத்துப் போட்டீங்க? அவரு என்ற தொண்டையையும் அறிவாரு. காப்பி எடுத்தா கோவிச்சுக்க மாட்டாரு."

"இன்னும் நாலே நாளு செல்வி. இருபத்து நாலாந் தேதி குழு கூடுது. நம்மளுக்காக 'சிறப்பு நேர்வு'ன்னு வெச்சிருக்கறாங்க. இப்பப் போய் நாமே பொய்யாக்கீட்டா?"

டீச்சர் எழுந்து கலைமணிக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவன் போகும்போது டிஸ்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனமில்லாமல் வாசல்வரை கையிலேயே வைத்திருந்தான்.

உண்மை பேசுகிறவனைக் கடவுள் காப்பாற்றுவார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் காப்பாற்ற அனுப்புகிற ஆள் சில சமயம் ரப்பர் பேண்டு போட்ட டிஸ்க்கோடு வருகிறான். அவனிடம் முத்திரை இருப்பதில்லை.

இருபத்து நாலாம் தேதி குழு கூடியது. விண்ணப்பதாரர் என்ற முறையில் மாதேஸ்வரனுக்கும் ஓரத்தில் ஒரு நாற்காலி. இயக்குநர் பேசினார்.

"நான் பொறுப்பேற்று இருபத்திரண்டு மாதங்கள் ஆகின்றன. இந்த இருபத்திரண்டு மாதங்களில் நாம் பொதுமக்கள் எவருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக்கூடப் பரிந்துரைக்கவில்லை. எனவே நாம் பரிந்துரைத்த எதுவும் இதுவரை பழுதாகவில்லை. நூற்றுக்கு நூறு! அண்டை மாவட்டங்கள் இந்தச் சாதனையை எட்டிப் பிடிக்கத் தவிக்கின்றன. அவசரப்பட்டு யாருக்காவது உதவிசெய்து இந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். மாதேஸ்வரனும் மரியாதைக்குத் தட்டினார்.

பிறகு கடையில் கிடைக்கும் இரண்டு டிஸ்க்குகளை மேசைமேல் வைத்தார்கள். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். குழுவில் ஆறு பேர். நீலத்துக்கு மூன்று, சாம்பலுக்கு மூன்று. யாரும் தம் பெயர் குறிப்பில் வருவதை விரும்பவில்லை. நீலத்தைச் சொன்னவர்கள் நீலத்தை வற்புறுத்தவில்லை, சாம்பலைச் சொன்னவர்களும் அப்படியே. மத்தியானச் சாப்பாடு வரை நீண்டது. அப்போது நவநீதகிருஷ்ணன் பணிவோடு எழுந்தார்.

"நம்ம பக்கம் ஒரு முறை இருக்குதுங்களே. பூ கேக்கலாமுங்க."

அந்தப் பக்கத்தில் கல்யாணம் பேசினாலும், போர்வெல் போட்டாலும், கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் வாக்கு. மாதேஸ்வரனே டீச்சரின் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லுமுன் பட்டினி கிடந்து பூ கேட்டவர். பொட்டலம் பிரிகிறபோது அவர் கை நடுங்கிய நடுக்கம் இரண்டு நாள் அடங்கவில்லை.

இங்கே யாருக்கும் கை நடுங்கவில்லை. ஆறு முகங்களிலும் பாரம் இறங்கிய மலர்ச்சி. வெள்ளை வந்தால் நீலம், சிவப்பு வந்தால் சாம்பல் என்று பேசிக்கொண்டு, அலுவலகப் பிள்ளையார் முன்னால் பொட்டலங்களை வைத்து, எடுக்கப் பெருமாயியைக் கூப்பிட்டார்கள்.

"நான் கக்கூசு கழுவிட்டு வந்திருக்கறனுங்க. குளிக்கலை. சாமி காரியத்தை நான் எப்படித் தொடறது?"

"பரவால்ல, எடு பெருமாயி. நேரமாச்சு. லஞ்சுக்குப் போகணும்."

அவள் கையைச் சேலையில் நாலு தடவை துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து ஒன்றை எடுத்தாள். வெள்ளை. நீலத்துக்குச் சம்மதம்.

"இதை எப்படிக் கோப்பில் சேர்ப்பது?" என்றார் கணக்கு அதிகாரி. "பூ வாடிவிடும். தணிக்கைக்கு ஆதாரம் இருக்காது. மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் முறை."

இரண்டாவது முறை சிவப்பு வந்தது. மூன்றாவது முறை வெள்ளை. நீலம் தேர்வானது. சாமியைச் சாட்சிக்கு அழைத்து, சாட்சியையும் நம்பாமல் குறுக்கு விசாரணை செய்து, கடைசியில் 'நடுநிலையான முறையில் தேர்வு செய்யப்பட்டது' என்று எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மாதேஸ்வரன் பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாமிகிட்ட மூணு தரம் கேட்டாங்க," என்று வெளியே வந்த பெருமாயி அவரிடம் மெல்லச் சொன்னாள். "உங்ககிட்ட ஒரு தரம் கேட்டிருக்கலாம், எது வேணும்னு."

நீல டிஸ்க்கை அவரே கடையில் வாங்கிவந்து முத்திரைக்குக் கொடுக்க வேண்டும். கடை மையத்துக்கு நேர் எதிரே இருந்தது. பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டார். முத்திரை வைக்க இரண்டு நாளாயிற்று. இருபத்தாறாம் தேதி காலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்திய டிஸ்க்கை நவநீதகிருஷ்ணன் இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தார். போட்டோவும் எடுத்தார்கள்.

"வாழ்த்துகள். எங்க மையத்தோட முதல் பரிந்துரை நீங்கதான்."

மாதேஸ்வரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒயர் சொருகற ஓட்டை முத்திரைக்குள்ள மாட்டிருக்குதுங்களே."

"ஆமாங்க."

"அப்ப எப்படிக் காப்பி போடறது?"

"முத்திரையை உடைச்சாப் போடலாம். உடைச்சா எங்க உத்தரவாதம் போயிரும். முத்திரை இருக்கறவரைக்கும் இதுக்கு ஒண்ணுமே ஆகாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சங்ககிரி தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுக்குப் போனதும் உடைத்துவிடுவது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அலுவலகம் ஒட்டியதைக் கிழிக்கப்போகிற பயத்தோடும், அதைவிடப் பெரிய நிம்மதியோடும் வீட்டுக்குள் நுழைந்தார்.

டீச்சர் கறுத்த திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மைக் மடியில் கிடந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகக் கட்டிவைத்த பை.

"எப்ப?" என்றார் மாதேஸ்வரன்.

"காலையில பத்து மணிக்குங்க. தொள்ளாயிரத்துப் பன்னெண்டாவது சொல்லிட்டிருந்தேன். டக்கு டக்குன்னு வந்த சத்தம் நின்னுச்சு. நல்லாயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். காரில் கோயமுத்தூர் வரைக்கும் டீச்சர் பேசிக்கொண்டே வந்தார். கரகரத்த, தேய்ந்த குரலில் எதையெதையோ. பெண் பார்க்க வந்த அன்று அவர் போட்டிருந்த சட்டையின் நிறம், அடுத்த வீட்டு முருங்கை, ஆபரேஷனுக்குப் பிறகு யார் யாரை உள்ளே விடக்கூடாது என்பது. சட்டைப்பையில் செல்போன் இருந்தது. அதில் பதிவு செய்யலாம் என்று மாதேஸ்வரனுக்குத் தோன்றவே இல்லை. அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செத்த டிஸ்க்கைக் கலைமணி எடுத்துப்போய் மூன்று வாரம் போராடினான். ஒருநாள் வந்து, எழுபத்தொரு வாக்கியம் பிழைத்திருக்கிறது என்றான். "அண்ணா, அன்னைக்கு மட்டும் ஒரு மணி நேரம்..." என்று ஆரம்பித்தவன், மாதேஸ்வரன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மழை வருமாட்ட இருக்குதுண்ணா," என்று சொல்லிப் பேச்சை மாற்றினான்.

எழுபத்தொன்றை வைத்துப் புதிதாகப் பேசவைக்க முடியாது என்று கௌசிக் சொன்னான். அவற்றை அப்படியே செல்போனில் வரிசையாகப் போட்டுக் கொடுத்தான். தொட்டால் அந்த வாக்கியத்தைச் சொல்லும். டீச்சர் தாமாகச் சேர்த்தவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் கௌசிக்கின் ஓசை வாக்கியங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து மையத்திலிருந்து கடிதம் வந்தது. 'தங்களது விண்ணப்பம் இன்றியமையாத் தேவையாக உயர்த்தப்பட உள்ளது. குரலை இழந்தவர் நேரில் ஆஜராகி, இழப்பு குறித்து வாய்மொழியாக வாக்குமூலம் அளிக்க வேண்டும்.'

"போக வேண்டாம்," என்றார் மாதேஸ்வரன். டீச்சர் தாளில் எழுதிக் காட்டினார்: 'போகணும். நான் பாக்கணும் அவங்களை.'

இயக்குநர் அறையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்து நவநீதகிருஷ்ணனுக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தட்டச்சருக்குச் சைகை காட்டினார்.

"அம்மா, இழப்பு எப்ப நேர்ந்தது?"

டீச்சர் எழுதத் தாளை எடுத்தார். "எழுத்து கூடாதுங்கம்மா. வாய்மொழின்னு விதி," என்றார் நவநீதகிருஷ்ணன்.

டீச்சர் செல்போனை எடுத்தார். எழுபத்தொன்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இருந்ததில் கிட்டத்தில் வருவதைத் தொட்டார். இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற தெளிவான, இளமையான குரல் அந்த அறையில் எழுந்தது.

"நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை."

தட்டச்சர் அடித்தார்.

"மையத்தின் சேவை பத்தி உங்க கருத்து?"

டீச்சர் வெகுநேரம் தேடினார்.

"எருமை குளத்தில் படுத்திருக்கிறது. மழை பெய்தும் எழவில்லை."

தட்டச்சர் அதையும் அடித்தார். இயக்குநர் ரசித்துத் தலையாட்டினார். "என்ன அருமையான உச்சரிப்பு! ழகரம் எவ்வளவு சுத்தம்!" பிறகு ஏதோ பிடிபட்டவர்போல நிமிர்ந்தார். "நவநீதகிருஷ்ணன், இவங்க பேசறாங்களே?"

"ஆமாங்கய்யா. பேசறாங்க."

"இவங்க குரல்தானே இது?"

மாதேஸ்வரன் பொய் சொல்லாதவர். "ஆமாங்க. அவளுதுதான்," என்றார்.

"அப்படியானால் இழப்பு எங்கே?" இயக்குநர் கோப்பை வாங்கி எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "விண்ணப்பதாரரின் குரல் குழுவினரால் நேரில் கேட்டு உறுதி செய்யப்பட்டது. தெளிவாக உள்ளது. இழப்பு நிரூபணம் ஆகவில்லை. மையம் பரிந்துரைத்த டிஸ்க் பழுதின்றி உள்ளது. மனு முடித்து வைக்கப்படுகிறது." பேனாவை மூடி, டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்ல செய்திதானேம்மா. இனி எதற்கும் கவலைப்படாமல் போய் வாருங்கள். ஒரு வார்த்தை, திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனால் எங்கள் பதிவேட்டுக்கு உதவும்."

டீச்சர் எழுந்து வெளியே வந்துவிட்டார். படியிறங்கும்போது கால் தடுமாறியது. மாதேஸ்வரன் பிடிக்குமுன் கீழே இருந்து ஒரு கை வந்து பிடித்தது. பெருமாயி. கழுத்துத் துணியைப் பார்த்தாள். மாதேஸ்வரனின் கையிலிருந்த மையத்தின் கடிதத்தைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நகரச் சொல்லி டீச்சரை உட்கார வைத்தாள்.

டீச்சர் நன்றி சொல்லச் செல்போனை எடுத்து எழுபத்தொன்றிலும் தேடத் தொடங்கினார். பெருமாயி அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாஞ் சாமி," என்றாள். "சித்த நேரம் சும்மா உக்காரு."

டீச்சர் அவள் தோளில் சாய்ந்துகொண்டார்.